பெருங்குழல் துவக்கும் மடுக் காடும்

பெரிய குழல் விட்டம் கொண்ட துவக்குகளை வரவேற்கும் சூட்டுத் திடல் எங்கே இருக்கிறது என்ற கேள்வி, மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஒரு விளையாட்டுக் கழகத்தின் முகவரியைத் தேடும் கேள்வியாகத் தோன்றினாலும், அதன் அடியில் இருப்பது நிலம் பற்றிய கேள்வியே ஆகும். ஒரு சன்னம் குழலை விட்டுப் புறப்பட்ட பின் எவ்வளவு தூரம் போகும், அந்தத் தூரத்துக்குள் யார் வாழ்கிறார்கள், எது மேய்கிறது, எந்த நீர் தேங்குகிறது என்பவற்றுக்கு விடை கிடைத்த பிறகுதான் திடலைப் பற்றிப் பேச முடியும். இலங்கையின் மன்னார் மாவட்டத்திலுள்ள மடுப் பகுதியை வரைபடத்தில் பார்ப்பவருக்கு அது அகன்ற, ஆளரவம் குறைந்த காடாகத் தெரியும். இத்தகைய திடலுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்றுகூட அவர் நினைக்கக்கூடும். அந்த நினைப்பு ஏன் தவறானது என்பதையும், மன்னாரில் பிறந்து குறிசூட்டில் ஆர்வம் கொள்ளும் ஓர் இளையவருக்கு உண்மையில் திறந்திருக்கும் வழி எது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துவக்கின் குழல் விட்டம் மூன்று முறைகளில் குறிக்கப்படுகிறது. ஐரோப்பிய முறையில் மில்லிமீற்றரிலும், ஆங்கில முறையில் அங்குலத்தின் நூறில் அல்லது ஆயிரத்தில் ஒரு பங்காகவும் குறிப்பார்கள், ஆகவே 5.6 மில்லிமீற்றரும் .22 என்பதும் ஒரே அளவு, 7.7 மில்லிமீற்றரும் .303 என்பதும் ஒரே அளவு. மூன்றாவது முறை பழையது. ஒரு இறாத்தல் ஈயத்தைச் சம எடையுள்ள எத்தனை உருண்டைகளாக வார்த்தால் அவற்றில் ஒன்று குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ, அந்த எண்ணிக்கையே குழலின் பெயராகிறது. வன்னி விவசாயிகள் நன்கறிந்த பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு இந்தக் கணக்கின்படி பெயர் பெற்றது. அதன் குழல் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர் அகலமுடையது. எண் குறையக் குறையக் குழல் அகலும் என்பதால், நான்காம் இலக்கத் துவக்கு கால் இறாத்தல் எடையுள்ள உருண்டைக்குரியது.

எனினும், ஒரு திடலுக்குப் பொறுப்பானவர் அஞ்சவேண்டியது குழலின் அகலத்தை மட்டும் பார்த்து அன்று. பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு குழலால் அகன்றதாயினும், அதன் சிறு குண்டுகள் சில நூறு மீற்றர்களுக்குள் வேகம் இழந்து விழுந்துவிடுகின்றன. மாறாக, குழலின் உட்புறத்தில் திருகு வரிகள் வெட்டப்பட்ட றைபிளிலிருந்து புறப்படும் சன்னம், தன் அச்சில் சுழன்றபடி மூக்கு முன்னோக்க நெடுந்தூரம் செல்கிறது. பந்தயங்களில் பயன்படும் .22 அளவுச் சன்னம் ஏறத்தாழ 2.6 கிராம் எடையுடையது. வினாடிக்கு 330 மீற்றர் அளவில் புறப்பட்டு, ஏறத்தாழ 140 ஜூல் ஆற்றலைச் சுமக்கிறது. பல நாட்டுப் படைகள் பயன்படுத்தும் 7.62 மில்லிமீற்றர் சன்னம் 9.5 கிராம் எடையுடன் வினாடிக்கு 830 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் புறப்படுவதால், அதன் ஆற்றல் 3,300 ஜூலை எட்டுகிறது. எடை நான்கு மடங்குகூட ஆகாதபோது ஆற்றல் இருபது மடங்குக்கு மேல் உயர்வதற்குக் காரணம், இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு பெருகுவதுதான். பெருவிலங்கு வேட்டைக்கென 1912ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமான .375 மக்னம் தோட்டா இதையும் விஞ்சி 5,800 ஜூல் அளவுக்குச் செல்கிறது, 12.7 மில்லிமீற்றர் கனரகச் சன்னமோ 18,000 ஜூல் அளவை எட்டுகிறது.

தூரக் கணக்கு இதைவிட முக்கியமானது. தக்க கோணத்தில் மேல்நோக்கிச் சுடப்பட்டால் .22 சன்னம் ஒன்றரைக் கிலோமீற்றர் வரையிலும், 7.62 சன்னம் நான்கு கிலோமீற்றர் அளவுக்கும், 12.7 சன்னம் ஆறு கிலோமீற்றருக்கு அப்பாலும் செல்லக்கூடும். யாரும் அந்தக் கோணத்தில் குறிபார்க்கப் போவதில்லை என்பது உண்மையே. ஆனால் திடல்கள் குறி தவறாதவர்களை எண்ணிக் கட்டப்படுவதில்லை. 300 மீற்றர் தொலைவிலுள்ள இலக்கை நோக்கும் ஒருவருடைய குழல் ஒரேயொரு பாகை மேலே தூக்கினால், சன்னம் இலக்குத் தளத்தைக் கடக்கும்போது ஐந்து மீற்றருக்கும் அதிகமாக உயர்ந்திருக்கும். இலக்குகளுக்குப் பின்னால் நான்கு மீற்றர் உயரத்துக்கு மண்ணணை கட்டியிருந்தாலும் அது அதைத் தாண்டிப் போய்விடும். கல்லிலோ கடின நிலத்திலோ பட்டுத் தெறிக்கும் சன்னம் எந்தத் திசையில் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால், பக்கவாட்டிலும் நிலம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. இவ்வாறு திடலின் முன்னும் பக்கங்களிலும், சன்னம் விழக்கூடிய எல்லை முழுவதையும் உள்ளடக்கி விசிறி வடிவில் வரையப்படும் பரப்பு அபாயப் பரப்பு எனப்படுகிறது. இந்தப் பரப்பைக் குறைப்பதற்கு ஒரே வழி, சுடுபவருக்கு வானம் தெரியாதபடி குறுக்குத் தடுப்புகளை அடுக்கடுக்காக நிறுத்தி, உயர்ந்த பக்கச் சுவர்களும் ஆழமான மணல் அணையும் அமைத்து, தவறிய சன்னமும் திடலுக்குள்ளேயே அடங்குமாறு செய்வது. அதற்கு ஆகும் செலவு பெரிது, பராமரிப்பு அதைவிடப் பெரிது.

பெருங்குழல் திடல்கள் நகரங்களை விட்டு விலகிக்கொண்டே வந்த வரலாறு இந்தக் கணக்கின் வரலாறே ஆகும். பிரித்தானியாவின் தேசிய றைபிள் சங்கம் 1859இல் நிறுவப்பட்டு, மறு ஆண்டு லண்டனை ஒட்டிய விம்பிள்டன் புல்வெளியில் முதற் போட்டியை நடத்தியபோது, விக்டோரியா மகாராணியே முதல் வேட்டைச் சுட்டார். முப்பது ஆண்டுகளுக்குள் குடியிருப்புகள் புல்வெளியை நெருங்கின, துவக்குகளின் வீச்சும் நீண்டது. சங்கம் 1890இல் சரே மாவட்டத்தின் பிஸ்லி என்னும் வெட்டவெளிக்குப் பெயர்ந்தது. கோலாப்பூர் அரசர் 1871இல் வழங்கிய கிண்ணத்துக்காக அங்கே பொதுநலவாய நாட்டு அணிகள் இன்றும் போட்டியிடுகின்றன.

அடுத்த பத்தாண்டில் நிகழ்ந்தது இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. தென்னாபிரிக்காவில் போவர் குடியானவர்களின் குறி தப்பாத சூட்டினால் பெரும் இழப்பைச் சந்தித்த பிரித்தானியா, தன் குடிமக்கள் எல்லோரும் குறிசூடு பழகவேண்டும் என்று விரும்பியது, ஆனால் .303 துவக்குக்கேற்ற திடல்கள் அரிதாகவும் ஊர்களுக்குத் தொலைவாகவும் இருந்தன. ஆகவே 1901இல் சிறுகுழல் கழகங்களுக்கான சங்கம் ஒன்று தோன்றி, ஊருக்குள்ளேயே குறுகிய தூரத்தில் .22 துவக்கைக் கொண்டு பழகும் முறையைப் பரப்பியது. நிலம் போதாத இடத்தில் துவக்கைச் சிறிதாக்கு என்ற இந்தத் தீர்வு, பேரரசின் தலைநகரைச் சுற்றியிருந்த ஊர்களுக்கே தேவைப்பட்டது என்பதை மன்னாரைப் பற்றிச் சிந்திப்போர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அபாயப் பரப்பைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ் நிலத்தில் அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் நார்த்தாமலைக்கு அருகே, அம்மாசத்திரத்தை ஒட்டிய பசுமலைப்பட்டியில் காவல்துறையின் சூட்டுப் பயிற்சித் தளம் நெடுங்காலமாக இயங்கிவந்தது. 2021 டிசம்பர் 30ஆம் நாள் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் அங்கே பயிற்சியில் ஈடுபட்டிருந்தபோது, தளத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தொலைவில், தன் தாத்தா பாட்டியின் வீட்டில் இருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் சன்னம் பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை அளிக்கப்பட்டும், 2022 ஜனவரி 3ஆம் நாள் அச்சிறுவன் இறந்தான். தளம் மூடப்பட்டது; விசாரணைகள் தொடர்ந்தன.

இந்த நிகழ்வை ஒரு தனிமனிதரின் கவனக்குறைவாகச் சுருக்குவது எளிது, ஆனால் அது போதாது. பயிற்சி பெற்றவர்கள், கட்டுப்பாடுள்ள படையினர், மேற்பார்வையாளர்கள், பாறைக் குன்றுகள் சூழ்ந்த இடம் என வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தன. சன்னத்தின் எல்லைக்குள் ஒரு ஊர் இருந்தது என்பது மட்டுமே சரியில்லாமல் இருந்தது. குன்று இருக்கிறது என்பதாலேயே ஓர் இடத்தைத் திடலுக்கு ஏற்றதாகக் கருதும் பழக்கம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாக உண்டு. குன்றின் உச்சியைத் தாண்டும் கோணம் எது, பாறையில் பட்டுத் தெறிக்கும் சன்னத்தின் வழி எது, மறுபுறத்து வீடுகள் எவ்வளவு அண்மையில் வந்துவிட்டன என்பவற்றை ஆண்டுதோறும் அளந்து பார்க்காத இடத்தில், குன்று பாதுகாப்பு உணர்வை மட்டுமே தருகிறது. படைகளின் திடல்களுக்கே இந்த நிலை என்றால், பொழுதுபோக்குக்காகப் பெருங்குழல் துவக்கை எடுத்துவருவோருக்குத் திறந்துவிடப்படும் திடல் இதைவிடக் கடுமையான அளவுகோலுக்கு உட்படவேண்டும்.

இலங்கையில் பெருங்குழல் துவக்கின் கதை யானைகளின் அழிவோடு தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தீவுக்கு வந்து நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், நான்காம் இலக்கக் குழலுடைய றைபிளைத் தோளில் தாங்கி யானை வேட்டையாடியவர். தம் வேட்டைகளை விவரித்து 1854இல் நூலும் வெளியிட்டார். அவருக்கு முன் ஊவாப் பகுதியில் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகக் கூறப்படுகிறது. அவர் 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அக்காலத்தில் இந்தக் கொலைக்கு அரசு வெகுமதி கொடுத்தது என்பதை நினைக்கையில், இந்தத் துவக்குகளின் பெருமையைப் பேசும் எழுத்துகளை வாசிக்கும் மனம் கனக்கிறது. தனியார் காட்டுவிலங்குகளைச் சுடும் உரிமைக்கு 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் கடிவாளமிட்டது. இன்று இலங்கையில் பெருவிலங்கு வேட்டை என்று சொல்லத்தக்க விளையாட்டு எதுவும் இல்லை. ஆகவே பெருவிலங்கு வேட்டைக்கான துவக்கைக் குறிபார்த்துச் சீர்செய்ய ஒரு திடல் வேண்டும் என்ற தேவையும் இல்லை. ஆபிரிக்காவிலும் வட அமெரிக்காவிலும் பெருங்குழல் திடல்களை உயிரோடு வைத்திருக்கும் தேவைகளில் ஒன்று இங்கே சட்டப்படியே நீங்கியிருக்கிறது.

இரண்டாவது தேவை படைத்துறை சார்ந்தது. தோட்டத்துரைமாரைக் கொண்டு 1900இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தோட்டக்காரர் றைபிள் படை தென்னாபிரிக்கப் போருக்குச் சென்றது. அதே ஆண்டில், அப்போரில் பிடிபட்ட போவர் கைதிகள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் தியத்தலாவையில் கொண்டுவந்து அடைக்கப்பட்டார்கள். கைதிகள் போன பின்னரும் தியத்தலாவை படை முகாமாகவே நிலைத்து, இன்று இராணுவக் கல்லூரியும் சூட்டுத் திடல்களும் உள்ள பெருந்தளமாக விளங்குகிறது. மலைநாட்டின் புல்மேடுகள் இயற்கையான அணைகளாக அமைந்தமையே அதன் சிறப்பு. நெடுந்தூர றைபிள் சூட்டுக்கேற்ற வசதிகள் இலங்கையில் இத்தகைய படைத்தளங்களுக்குள்ளேயே இருக்கின்றன. பணம் செலுத்தி உள்ளே சென்று தம் சொந்தப் பெருங்குழல் துவக்கைச் சுட்டுவிட்டு வரக்கூடிய பொதுத்திடல் என்ற அமைப்பு இந்நாட்டின் வழக்கத்தில் வளரவில்லை.

சட்டமும் அதற்கேற்பவே அமைந்துள்ளது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும், அனுமதிப்பத்திரமின்றி எந்தத் துவக்கையும் வைத்திருப்பதைக் குற்றமாக்குகின்றன. 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. பயிர்ப் பாதுகாப்புக்கான பன்னிரண்டாம் இலக்கத் துவக்குக்கு மாவட்டச் செயலாளர், அதாவது மக்கள் இன்றும் அரசாங்க அதிபர் என்றே அழைக்கும் அதிகாரி, அனுமதி வழங்குகிறார்; மற்றவை பாதுகாப்பு அமைச்சின் முடிவுக்கு உரியவை. அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு 2024ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் அமைச்சு கேட்டுக்கொண்டதிலிருந்து, அரசு இவ்விடயத்தில் எத்திசையில் செல்கிறது என்பதை விளங்கிக்கொள்ளலாம். விளையாட்டுக்காகத் துவக்கு வைத்திருக்க விரும்புவோர் தேசிய குறிசூட்டு விளையாட்டுச் சம்மேளனத்தின் வழியாகவே செல்லவேண்டியிருக்கிறது. போட்டிகளும் பயிற்சிகளும் வெலிசறைக் கடற்படைத் தளம் போன்ற, படைகளுக்குரிய திடல்களிலேயே பெரும்பாலும் நடைபெறுகின்றன.

வன்னிக் காடுகளில் வெடிக்கும் துவக்குகளில் பெரும்பாலானவை இந்தச் சட்ட ஒழுங்குக்கு வெளியே உள்ளவை என்பதையும் மறைக்கலாகாது. குழலின் வாய்வழியே மருந்தையும் குண்டையும் இட்டு இடித்து நிரப்பும் இடியன் துவக்கும், விலங்கு செல்லும் தடத்தில் கம்பியோடு பிணைத்து மறைத்து வைக்கப்படும் கட்டுத்துவக்கும் மான், மரை, பன்றி ஆகியவற்றை மட்டுமன்றி, விறகுக்கும் தேனுக்கும் காடேறும் மனிதரையும் வீழ்த்தியிருக்கின்றன. யானைகள் இவற்றின் காயங்களோடு நாட்கணக்கில் அலைந்து இறக்கின்றன. பெருங்குழல் திடல் ஒன்று வந்தால் இந்தச் சட்டவிரோதச் சூடு குறையும் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் இடியனைச் செய்பவருக்குத் தேவைப்படுவது இறைச்சியோ பயிர்க்காவலோதான், அத்தேவைகளைத் திடல் எதுவும் நிறைவேற்றுவதில்லை.

இனி மடுவுக்கு வரலாம். மதவாச்சியிலிருந்து மன்னாருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் மடுச் சந்தியில் பிரிந்து காட்டினூடே செல்லும் வழி, மருதமடு மாதாவின் திருத்தலத்தை அடைகிறது. ஒல்லாந்தரின் ஆட்சியில் கத்தோலிக்கர் ஒடுக்கப்பட்டபோது, மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு 1670 அளவில் இக்காட்டுக்குள் புகலடைந்தன என்பது தலத்தின் வரலாறு. ஆடி, ஆவணித் திருவிழாக்களுக்கு, குறிப்பாக ஆகஸ்ட் 15ஆம் நாள் பெருவிழாவுக்கு, தமிழரும் சிங்களவரும் இலட்சக்கணக்கில் வந்து, காட்டு மரங்களின் கீழ்க் கூடாரமடித்துப் பல நாட்கள் தங்குகிறார்கள். ஆண்டின் பெரும்பகுதியில் வெறுமையாகத் தோன்றும் இந்த நிலம், சில வாரங்களில் ஒரு நகரத்தின் மக்கள் தொகையைத் தாங்குகிறது. வரைபடத்தை மட்டும் பார்த்து அபாயப் பரப்பு வரைபவருக்கு இது தெரியாமலே போய்விடும்.

மடு, உள்நாட்டுப் போரில் புகலிடமாகவும் இருந்தது. 1990 முதல் பல்லாயிரக்கணக்கான அகதிகள் ஆலய வளாகத்தையும் அதைச் சூழ்ந்த காட்டையும் நம்பி வாழ்ந்தார்கள். ஐக்கிய நாடுகளின் அகதிகள் அமைப்பு அங்கே நிவாரண நிலையம் நடத்தியது. 1999 நவம்பர் 20ஆம் நாள் ஆலய வளாகத்தில் ஷெல்கள் வீழ்ந்து, அங்கே தஞ்சமடைந்திருந்தவர்களில் ஏறத்தாழ நாற்பது பேர் உயிரிழந்தார்கள். 2008 ஏப்ரலில் போர் முனை ஆலயத்தை நெருங்கியபோது குருமார் திருச்சொரூபத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றார்கள்; அவ்வாண்டு ஆகஸ்டில் அது மீண்டும் மடுவுக்கு வந்தது. பெருங்குழல் துவக்கு ஒன்று சுடப்படும்போது சுடுபவரின் காதருகே எழும் ஒலியின் உச்சம் 150 டெசிபெலைத் தாண்டும். செவிக்குக் கேடு விளைவிக்கும் எல்லையாகக் கருதப்படுவது 140. காட்டின் அமைதியில் அந்த ஒலி பல கிலோமீற்றர் கேட்கும். அங்கே மீள்குடியேறியவர்களும் தங்கள் இறந்தோரை நினைத்து மெழுகுதிரி ஏற்ற வருவோரும் அந்த ஒலியை விளையாட்டொலியாகக் கேட்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

காட்டின் தன்மையும் இடம் தராது. 1968 முதல் சரணாலயமாக இருந்த மடுவீதிக் காடு 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது; யானையும் கரடியும் சிறுத்தையும் வாழும் இந்தப் பாலை, வீரை மரங்களின் உலர்காடு, தெற்கே வில்பத்துவோடு விலங்குகள் இடம்பெயரும் வழிகளால் உறவுகொண்டது. பூங்காவின் எல்லைக்குள் துவக்கோடு நுழைவதே குற்றம். எல்லைக்கு வெளியே மேற்குப் பக்கமாகப் பார்த்தால், அருவியாற்றின் நீரைத் தேக்கும் கட்டுக்கரைக் குளமும் அதன் கீழுள்ள வயல்களும் தொடங்கிவிடுகின்றன. அதற்கப்பால் கடலோரத்தில், பூநாரைகளும் வடபுலத்து வலசைப் பறவைகளும் கூடும் வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக இருக்கிறது. சூட்டுத் திடலின் மண்ணணையில் ஆண்டுக்கணக்கில் சேரும் ஈயம், மழையாலும் மண்ணின் புளிப்பாலும் கரைந்து நீரோடு கலக்கும் தன்மையுடையது என்பதால், குளங்களைச் சங்கிலியாகத் தொடுத்து நெல் விளைவிக்கும் ஒரு மாவட்டத்தில் அதற்குத் தகுந்த இடம் காண்பது கடினம்.

இவற்றோடு நிலத்தடியில் கிடக்கும் கண்ணிவெடிகளையும் சேர்த்தே எண்ணவேண்டும். மன்னார் மாவட்டம் போரில் மிகுதியாகக் கண்ணிவெடி புதைக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. 2017 டிசம்பரில் இலங்கை, ஆளெதிர்க் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. ஒவ்வொரு சதுர மீற்றராகத் தோண்டி, கம்பி நுனியால் தடவி மீட்ட மண் மன்னாருடையது. மீட்கப்பட்ட மண்ணை மறுபடியும் வெடிமருந்துக்கும் ஈயத்துக்கும் ஒதுக்குவதை அந்தப் பணியில் அவயவம் இழந்தோரின் முன் நின்று எவரும் நியாயப்படுத்த முடியாது.

படைத்தேவைக்காக ஒதுக்கப்படும் நிலம் மக்களிடம் திரும்புவது எவ்வளவு அரிது என்பதை மன்னாரின் தென்கோடியிலுள்ள முள்ளிக்குளத்து மக்கள் அறிவார்கள். 2007இல் ஊரை விட்டு அகற்றப்பட்ட அவர்களுடைய நிலத்தில் கடற்படைத் தளம் அமைந்தது. நீண்ட போராட்டத்தின் பின் 2017இல் ஒரு பகுதிதான் விடுவிக்கப்பட்டது. இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் நேத்தர்ஹாட் பகுதியில் பீரங்கிப் பயிற்சிக்கென 1938ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் அறிவிக்கப்பட்ட பரப்பு 245 ஊர்களைத் தொட்டது. பழங்குடி மக்கள் 1990களின் தொடக்கத்திலிருந்து எதிர்த்து நின்றதன் விளைவாக, அந்த அறிவிப்பை நீடிப்பதில்லை என்று மாநில அரசு 2022இல் முடிவு செய்தது. துவக்குத் திடலும் பீரங்கித் திடலும் அளவில் வேறுபட்டவையே. எனினும் இரண்டும் முதலில் கேட்பது, இங்கே யாரும் இல்லை என்ற அறிவிப்பைத்தான்.

பெருங்குழல் சூடு ஒரு மக்கள் விளையாட்டாக, ஊர்களின் நடுவிலேயே நிலைத்திருக்கும் நாடு எது என்று கேட்டால் சுவிற்சர்லாந்தைச் சொல்லவேண்டும். ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஈழத்தமிழர் வாழும் நாடு அது, மடு மாதாவின் பிள்ளைகள் பலர் அங்கே இருக்கிறார்கள். அங்கே படைச்சேவைக்குரியோர் தங்கள் சேவைத் துவக்கைக் கொண்டு ஆண்டுதோறும் 300 மீற்றர் தூரத்தில் கட்டாயச் சூட்டுத் தேர்வை முடிக்கவேண்டும். அதற்கான திடல் கிடைக்கச் செய்வது உள்ளூராட்சியின் கடமை என்று சட்டம் சொல்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் கூட்டரசு வெளிச்சூட்டு விழாவில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்குகொள்கிறார்கள். குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்களின் இளைஞர்களும் இந்தக் கடமைக்கு உட்பட்டவர்களே. ஆனால் அந்நாட்டின் திடல்கள்கூட இன்று பழைய நிலையில் இல்லை. 1986ஆம் ஆண்டின் ஒலித்தடுப்பு விதிகள் வந்தபின் பல ஊர்த் திடல்கள் மூடப்பட்டன, சில ஒன்றாக இணைக்கப்பட்டன. தலைமுறைகளாக ஈயம் புதைந்த மண்ணணைகளைத் தோண்டித் தூய்மைப்படுத்தக் கூட்டரசு பெரும் பணம் செலவிட்டுவருகிறது. நூற்றாண்டு கடந்த மரபும், கண்காணிப்பும், செல்வமும் உள்ள நாட்டுக்கே இந்தச் சுமை பெரிதாக இருக்கிறது.

உலக விளையாட்டின் போக்கும் அதே திசையில்தான் இருக்கிறது. 8 மில்லிமீற்றர் வரை அனுமதிக்கப்படும் 300 மீற்றர் றைபிள் போட்டி, ஒலிம்பிக்கில் கடைசியாக 1972இல் மியூனிக்கில் நடந்தது. அதற்கேற்ற திடலை அமைக்கும் சுமையும் நாடுகள் பலவற்றில் அவ்வசதி இல்லாமையும் அதை உலகச் சாம்பியன் போட்டிகளோடு நிறுத்தின. 1984இல் ஒலிம்பிக்கில் நுழைந்த 10 மீற்றர் காற்றுத் துவக்கு அதற்கு நேர்மாறான வழியில் வளர்ந்தது. அதன் 4.5 மில்லிமீற்றர் ஈயக்குண்டு ஏறத்தாழ 7 அல்லது 8 ஜூல் ஆற்றலையே கொண்டது; ஒரு பாடசாலை மண்டபத்தின் நீளம் அதற்குப் போதும், பின்னால் ஓர் உலோகப் பெட்டி குண்டுகளைப் பிடித்துக்கொள்ளும், ஈயம் முழுவதையும் திரட்டி எடுத்துவிடலாம். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் இந்தப் போட்டியில்தான் ஒலிம்பிக் வெண்கலம் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவுக்கும் பாரிசுக்கும் சென்றது இதே துவக்கோடுதான். டோக்கியோவில் இலங்கையின் சார்பில் பங்குகொண்ட தெஹானி எகொடவெலவும் இதே பிரிவைச் சேர்ந்தவர். மூச்சை அடக்கி, உடலின் அசைவைக் கட்டுப்படுத்தி, விசையை அழுத்தும் கணத்தை உணரும் கலை பத்து மீற்றரிலும் முந்நூறு மீற்றரிலும் ஒன்றே. பின்னதற்குக் காற்றை வாசிக்கும் திறன் கூடுதலாக வேண்டும், அதைப் பழகுவதற்குத் தியத்தலாவை இருக்கிறது.

ஆகவே மன்னாரிலிருந்து பெருங்குழல் திடலைத் தேடும் ஒருவருக்குச் சொல்லத்தக்கது இதுவே. தேசியச் சம்மேளனத்தில் இணைந்து, காற்றுத் துவக்கிலும் .22இலும் தேர்ச்சி பெற்று, அச்சம்மேளனத்தின் பரிந்துரையோடு படைத்தளத் திடல்களுக்குச் செல்வது நீண்ட வழியாயினும் சட்டத்துக்கு உட்பட்ட வழி. குளத்துக் கரையிலோ காட்டு வெளியிலோ தனியாகச் சுட்டுப் பார்ப்பது, துவக்கு அனுமதி பெற்றதாக இருந்தாலும், மனித உயிரைப் பணயம் வைக்கும் செயல். மாவட்டச் செயலகமும் விளையாட்டுத் திணைக்களமும் செய்யத்தக்கது வேறொன்று உண்டு: மன்னார் நகரில் ஏற்கனவே உள்ள மண்டபம் ஒன்றில் நான்கைந்து சூட்டுத் தடங்களோடு 10 மீற்றர் காற்றுத் துவக்குப் பயிற்சிக்கூடம் ஒன்றை அமைத்து, தகுதியான பயிற்றுநரை நியமித்து, பாடசாலைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும். மடுக் காட்டை அதன் யானைகளுக்கும் யாத்திரிகருக்கும் விட்டுவைக்க வேண்டும்.